ஆங்கிலம் பேசும்போது மட்டும் வினைச்சொல்லின் கடைசி 'எஸ்' விழுந்துவிடுகிறதா?

இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்காதீர்கள். எழுதும்போது 'ஷி ஒர்க்ஸ்' என்று சரியாக வருகிறது, பேசினால் 'ஷி ஒர்க்' ஆகிவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் விதி தெரிந்திருக்கிறது. வேகத்தில் கைகொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: 'ஷி' என்றதுமே யார் என்பது தெரிந்துவிடுகிறது. அந்த 'எஸ்' புதிதாக எதையும் சொல்வதில்லை, விட்டாலும் கேட்பவருக்குப் புரிகிறது. அதனால் யாரும் திருத்துவதும் இல்லை. தமிழில் 'செய்கிறாள்' என்பதில் 'ஆள்' போனால் வாக்கியமே நொண்டும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பெரியவர்களிடம் 1974இல் நடந்த ஆய்விலும் சரியாக வருவதில் ('ஒர்க்கிங்' என்பதில் உள்ள) 'இங்' விகுதி முந்திக்கொண்டது, இந்த 'எஸ்' பின்தங்கியது. உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை.

சோதித்துப் பாருங்கள். உங்கள் அம்மாவின் ஒரு நாளைப் பற்றி 2 நிமிடம் ஆங்கிலத்தில் பேசி, போனில் பதிவு செய்யுங்கள். அப்புறம் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். (சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) விழுந்த இடங்கள் காதிலேயே பட்டால், அதே கதையைச் சில நாட்கள் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். 'ஷி கெட்ஸ் அப்', 'ஷி கோஸ்' என்று முழுத் துண்டாகவே வாயில் பழக வேண்டும். காதில் படவே இல்லையா? முதலில் பிறர் பேசுவதில் அந்த ஒலியைக் கவனித்துப் பழகுங்கள்.

ஒன்று மட்டும்: இந்தப் பயிற்சியில் சிலர் 'டஸ் ஷி ஒர்க்ஸ்', 'ஷி கேன் ஸ்பீக்ஸ்' என்று எல்லா இடத்திலும் ஒட்ட ஆரம்பித்துவிடுவார்கள். 'டஸ்', 'கேன்' வந்தால் 'எஸ்' வேண்டாம். வேலை நேர்காணல் போன்ற இடத்தில், பேச்சு நடுவில் இந்த 'எஸ்'ஸைத் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம், பேச்சே திக்கும்.