ஊருணி நீரும் சீதபேதிக் கிருமியும்

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் பல வீடுகளில் சீதபேதி கண்டது. எல்லோரும் குடித்தது ஒரே ஊருணித் தண்ணீர். சில நாள் கழித்து அதைச் சோதனைக்குக் கொடுத்தபோது கிருமி எதுவும் வளரவில்லை என்றார்கள். கிருமி அதில் இருந்ததா, இல்லையா? எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் போல உப்புக் கரிக்கும் நீரில் அது செத்துவிடாதா?
– வாசகி, பெரியபட்டினம்

பதில்: இருந்திருக்கலாம். சோதனைத் தட்டில் வளரவில்லை என்பதாலேயே இல்லை என்று முடிவுகட்ட இயலாது. மாதிரி எடுக்கத் தாமதமானதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சீதபேதியை உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையான ஷிகெல்லாவை 1897-ஆம் ஆண்டில் ஜப்பானில் பரவிய கொள்ளைநோயின்போது கியோஷி ஷிகா கண்டறிந்தார். அது பெருகுவது பெரும்பாலும் மனிதக் குடலில்தான்; கரையோரத்து மலக்கழிவை மழை அடித்துக் கொண்டுவரும்போதே ஊருணிக்குள் வந்து சேர்கிறது. 10 முதல் 100 கிருமிகள் உள்ளே போனாலே நோய் வரக்கூடும் என்பதால், நீர் தெளிந்திருப்பது எதற்கும் உறுதியாகாது.

குடல் செல்லுக்குள் புகுவதற்கு இக்கிருமி ஊசி போன்ற ஒரு புரதக் கருவியைக் கட்டிக்கொள்கிறது. அதற்கான மரபணுக்கள் பெரிய பிளாஸ்மிட் (கிருமியின் முதன்மை டி.என்.ஏ.விலிருந்து தனித்திருக்கும் டி.என்.ஏ. வளையம்) ஒன்றில் உள்ளன. கருவியைக் கட்டுவது செலவு மிகுந்த வேலை. கட்டும் கிருமியின் வளர்ச்சி மந்தமாகும். ஆகவே சுமார் 30 டிகிரி செல்சியஸில் எச்-என்எஸ் என்னும் புரதம் விர்எஃப் என்ற மரபணுவின் தொடக்கப் பகுதியைப் பற்றிக்கொண்டு அதை வாசிக்கவிடாமல் தடுக்கிறது. நம் உடலின் 37 டிகிரிச் சூட்டில் அவ்விடத்து டி.என்.ஏ.வின் வளைவு மாறிப் பிடி தளர்கிறது. உடனே விர்எஃப், விர்பி என்ற இன்னொரு மரபணுவை இயக்க, விர்பி ஊசிக்கான மரபணுக்களை இயக்குகிறது. நிழலில் வைத்த மண்பானையில் அடங்கிக் கிடக்கும் அதே கிருமி வயிற்றுக்குள் ஆயுதம் தரிப்பது இப்படித்தான்.

சூடு மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிக வியப்பளிக்கும் செய்தி. குடலின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே எஃப்என்ஆர் என்னும் புரதம் ஊசி வழியே கிருமி தன் புரதங்களைச் சுரப்பதை அடக்கி வைக்கிறது. குடல்சுவரை ஒட்டி இரத்த நாளங்களிலிருந்து கசியும் சிறிதளவு ஆக்சிஜன் கிடைத்ததும் அத்தடை நீங்கி, தாக்க வேண்டிய இடத்திலேயே ஊசி வேலை செய்யத் தொடங்குகிறது.

உப்பைப் பற்றிய உங்கள் நம்பிக்கை பாதிதான் சரி. கடல்நீரும் கடும் வெயிலும் சேர்ந்தால் கிருமி குறையும், ஆனால் உடனடியாக அன்று. கிணற்றின் இலேசான கரிப்பு அதைக் கொல்லப் போதாது. உண்மையில், நல்ல நீரைவிட ஓரளவு உப்புள்ள சூழலில்தான் அதன் நோயூக்க மரபணுக்கள் நன்கு இயங்குகின்றன என ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

இனி, வளராத சோதனைக்கு வருவோம். உணவற்ற நீரில் நாள்பட்டுக் கிடக்கும் ஷிகெல்லா, உயிரோடு இருந்தும் ஊட்டத்தட்டில் பெருகாத ஒரு நிலைக்குப் போகக்கூடும் என்று ஆய்வக நீர்த்தொட்டிகளில் காட்டப்பட்டிருக்கிறது. நீரில் வாழும் சில அமீபாக்களுக்குள் புகுந்து பிழைத்திருப்பதும் உண்டு. ஊருணி நீரில் இவற்றுள் எது நிகழ்ந்தது என்பதை வெறும் வளர்ப்புச் சோதனையால் பிரித்தறிய முடியாது.

எனவே கலங்கிய நீரைத் தெளியவைத்து வடிகட்டிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சேர்க்க வேண்டும். சேறும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். 30 நிமிடம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். வீட்டில் எளிது, தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பது. மலத்தில் இரத்தம் கண்டால், பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்லுங்கள்.