வீல் கழுவ எந்தப் பிரஷ்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் ஹட்டனில் வாடகை வேன் ஓட்டுகிறேன். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்குகிற ஓட்டம்தான் அதிகம். முன் அலோய் வீல் இரண்டும் கழுவிய இரண்டாம் நாளே கறுத்துவிடுகின்றன. ஒன்லைனில் ஒரு பிரஷ் செட் வாங்கினேன். அதில் பாதி எதற்கென்றே தெரியவில்லை, நீளமான பிரஷ் ரிம்மின் உட்பக்கத்தில் கோடு போட்டுவிட்டது. உண்மையில் என்னென்ன வேண்டும்?
வேன் சாரதி, ஹட்டன்

பதில்: தம்பி, முதலில் அந்தக் கறுப்பு என்னவென்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதில் பெரும்பங்கு பிரேக் தூள். பிரேக் பிடிக்கும்போது பேடும் (பிரேக் கட்டை) வீலோடு சுற்றுகிற இரும்பு டிஸ்க்கும் ஒன்றையொன்று தேய்த்து, சூடான இரும்புத் துகள்களாகப் பறந்து ரிம்மில் ஒட்டுகின்றன. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி ஏறக்குறைய 500 மீற்றர்தான். அவ்வளவு உயரத்தையும் எண்பது கிலோமீற்றருக்குள் இறங்குகிற வண்டி எத்தனை வளைவில் பிரேக் மிதிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறக்கத்தில் பாரம் முன்னுக்குச் சாய்வதால் முன் வீல்தான் முதலில் கறுக்கும். அது அங்கேயே கிடந்து, மழையும் பனியும் பட்டுத் துருப்பிடித்தால் ரிம்மின் மேல்பூச்சைக் கடித்துக்கொண்டு உட்காரும், அப்புறம் எந்தப் பிரஷும் கிளப்பாது. அதனால் கடினமான பிரஷைத் தேடாமல், மென்மையான பிரஷை அடிக்கடி போடுவதுதான் வழி.

உங்களுக்குக் கட்டாயம் வேண்டியது ரிம்மின் உட்சுவர் வரைக்கும் போகிற ஒரு மெல்லிய நீளப் பிரஷ். கோடு விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் முறுக்குக் கம்பியாகத்தான் இருக்கும். பெரிய போத்தல் கழுவுகிற பிரஷ் மாதிரி, கம்பியை முறுக்கி நடுவில் நாரைக் கோத்திருப்பார்கள். பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பிரேக் கலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையிலான சந்தில் அதை அழுத்தும்போது நார் மடங்கி, உள்ளேயிருக்கும் கம்பி நேராக ரிம்மில் உரசும். நுனியில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடியும் கொஞ்ச நாளில் கழன்றுவிடும், அதற்குப் பிறகு அது பிரஷ் இல்லை, ஆணி. ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது நார் கூட இல்லை, நடுத்தண்டுதான். தண்டு பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், நுனியையும் நார் மூடியிருக்க வேண்டும். மைக்ரோஃபைபர் துணி சுற்றிய தட்டையான தண்டும் கிடைக்கிறது, கலிப்பர் சந்துக்கு அதுதான் நல்லது.

அளவையும் பாருங்கள். வீடியோக்களில் காட்டுகிற பருமனான பிரஷ் பெரிய ஜீப்புகளின் 19, 20 அங்குல ரிம்முக்குச் செய்தது. நம் ஊரில் ஓடுகிற 14, 15 அங்குல ரிம் ஐந்து, ஆறு அங்குலம்தான் அகலம், அதாவது ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். நார் இருக்கும் பகுதி அதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தாலே போதும், ஆனால் ஸ்போக் இடைவெளிக்குள் நுழைகிற அளவுக்கு ஒல்லியாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும்முன் உங்கள் வீலில் இரண்டு விரலா மூன்று விரலா போகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

முன்முகத்துக்குத் தனிப் பிரஷ் தேவையே இல்லை, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று போதும். அது வீலுக்கு மட்டும்தான், அதே கையுறையை வேனின் பொடிக்கு (உடற்பகுதிக்கு) கொண்டுபோனால் இரும்புத்தூள் பெயின்டில் கீறும். நட்டுக் குழிகளுக்கும் லோகோ ஓரங்களுக்கும் ஒரு அங்குல பெயின்ட் பிரஷ் அருமையாக வேலை செய்யும், அதன் தகரப் பட்டியை மட்டும் இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றிவிடுங்கள். டயரின் ரப்பருக்கு வீட்டுத் தும்புப் பிரஷே தாராளம். ரிம் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள், பாத்திரம் துலக்குகிற பச்சை ஸ்க்ரப்பையும் அப்படித்தான். இவ்வளவுதான் சாமான். செட்டில் மீதி இருப்பதை ஏசி துவாரம் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

நார் மென்மையா இல்லையா என்று சந்தேகமா? பழைய சீடி ஒன்றை நனைத்து, அதன் பளபளக்கும் பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள், கீறல் விழுந்தால் உங்கள் வீலுக்கும் அதேதான். நைலோன் நாரில் நுனி பிளந்து பஞ்சு போலிருப்பதை எடுங்கள். பன்றி முடி பிரஷ் மிக மென்மையானது, சின்ன இடுக்குக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் நுவரெலியா, ஹட்டன் ஈரத்தில் சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும், கடுமையான மருந்து பட்டால் முடி பொடிந்துபோகும். நம் குளிருக்கு நைலோன் அல்லது மைக்ரோஃபைபர்தான் என் தேர்வு. எதுவானாலும் கழுவியதும் நுனி கீழே தொங்குகிற மாதிரி கொழுவி விடுங்கள்.

இன்னொன்று, ஓட்டம் முடிந்து வந்தவுடன் கழுவ வேண்டாம். இறக்கம் இறங்கிவந்த டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும், நம் குழாயில் வருவதோ ஐஸ் தண்ணீர். திடீரென்று குளிர்ந்தால் டிஸ்க் வளையக்கூடும், அப்புறம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் ஆடும். கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்த கார் ஷாம்பூ, மற்றதில் பிரஷை அலசுவதற்கு வெறும் தண்ணீர். வீல்களை முடித்துவிட்டே பொடிக்குப் போக வேண்டும்.

கேள்வி: எங்களுடையது பழைய ஆல்ட்டோ, இரும்பு ரிம், மேலே பிளாஸ்டிக் கவர். எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?
ஆசிரியை, தலவாக்கலை

பதில்: வேண்டாம் டீச்சர். கவரைக் கழற்றி, பழைய கடற்பஞ்சும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தனியாகக் கழுவுங்கள். உள்ளே இரும்பு ரிம்முக்குச் சாதாரண பிளாஸ்டிக் பிரஷ் போதும். தோட்டத்து ரோட்டுச் சேறு கவருக்குப் பின்னால் ஈரமாகவே தேங்கி ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும், ஆகவே மாதத்துக்கு ஒரு தடவையாவது கழற்றுங்கள். பெயின்ட் உரிந்த இடம் கண்ணில் பட்டால் கொஞ்சம் தேய்த்துப் பெயின்ட் தொட்டு வையுங்கள்.

கேள்வி: ஹைப்ரிட் காரில் வீல் கறுக்காது என்கிறார்களே, உண்மையா?
வாசகர், பண்டாரவளை

பதில்: குறையும், அவ்வளவுதான். வேகம் குறைக்கும்போது மோட்டாரே பெருமளவு இழுத்துப் பிடித்து பற்றரியைச் சார்ஜ் செய்வதால் பேடுக்கு வேலை குறைவு. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் அந்த உதவியும் குறைந்துவிடும், அப்போது சாதாரண பிரேக்தான் அதிகம் உழைக்க வேண்டும்.

கேள்வி: ஒரு சேர்விஸ் நிலையத்தில் ஏதோ மருந்து அடித்தார்கள், வீல் புதுசு மாதிரி மின்னியது. இரண்டு வாரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. பிரஷால் தேய்த்தும் போகவில்லை. இப்போது ஒரு நண்பர் இரும்புத்தூள் நீக்கி வாங்கச் சொல்கிறார், அடித்தால் ஊதா நிறமாக வழியுமாம். அதுவும் ரிம்மைக் கரைத்துவிடுமா?
வாசகர், பதுளை

பதில்: முதலில் அடித்தது அசிட்டாக இருக்கத்தான் சாத்தியம் அதிகம். அசிட் அழுக்கோடு சேர்த்து மேல்பூச்சையும் அரிக்கும், பூச்சு போன இடத்தில் அலுமினியம் வெளுத்துப் புள்ளியாகும். அது அழுக்கு இல்லாததால் தேய்த்துப் பயனில்லை, தேய்க்கத் தேய்க்கப் பரவும். ரிம்மைத் திரும்பப் பூச்சு அடிக்கிறவரிடம் காட்டுங்கள். சில மலிவான வீல் மருந்துகளில் ஹைட்ரோஃபுளோரிக் அசிட் இருக்கும், அது தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருந்து, பிறகு எலும்பு வரை போகும். வெறுங்கையோடு அதை அடிக்கிற பையன்களை நினைத்தால்தான் எனக்கு மனசு பதறுகிறது. டொய்லட் கழுவுகிற மருந்தைத் தயவுசெய்து வீலில் ஊற்றாதீர்கள், அதுவும் பெரும்பாலும் அசிட்தான்.

நண்பர் சொல்வது வேறு ரகம். போத்தலில் பிஎச் நியூட்ரல், அதாவது அசிட்டும் இல்லை காரமும் இல்லை, என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதிலுள்ள தயோகிளைகொலேட் இரும்போடு சேரும்போது ஊதா நிறம் வரும், கரைவது ஒட்டியிருக்கும் இரும்புத்தூள்தான். நாற்றம் மோசமாக இருக்கும், கையுறை போடுங்கள். ஆறிய வீலில், நிழலில் அடித்து, காயவிடாமல் நான்கைந்து நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஓடைக்கரையில் வைத்து மட்டும் செய்ய வேண்டாம். நம் மலையில் ஓடுகிற தண்ணீர்தான் மகாவலியாகவும் களனியாகவும் கீழே போய் எத்தனையோ பேருக்குக் குடிதண்ணீராகிறது.

கேள்வி: என் காரில் முன்பக்கம் இடது வீல் மட்டும் கன்னங்கரேலென்று ஆகிறது, வலது அவ்வளவு இல்லை. நல்ல பிரஷ் வாங்கினால் சரிவருமா?
வாசகர், மஸ்கெலியா

பதில்: இது பிரஷ் சமாச்சாரம் இல்லை. ஒரே அச்சிலுள்ள இரண்டு வீலும் ஏறக்குறைய ஒரே அளவில் கறுக்க வேண்டும். ஒன்று மட்டும் கறுத்தால் அந்தக் கலிப்பர் இறுகி, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். இல்லாவிட்டால் வலது பக்கம் சரியாகப் பிடிக்காமல் இடது மட்டும் உழைக்கிறது, அது இன்னும் மோசம். சமதரையில் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, தொடாமல் இரண்டு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடிக்கிறதா, பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? ரிம்மின் உட்சுவரையும் துணியால் துடைத்துப் பாருங்கள். கருப்பு கிரீஸ் தெறித்திருந்தால் அச்சு மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கலாம், வழுவழுப்பான ஈரமாக இருந்தால் பிரேக் எண்ணெய் கசியலாம். இதில் எது இருந்தாலும் கினிகத்தேனை இறக்கத்தில் இறங்கிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைக்க வேண்டாம், காரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.