பதில்: பிளாஞ்சரில் 'டிக் டிக்' சத்தம்

வணக்கம். எம்.என்.3207 என்ற தாமதச் சிப்பை வைத்து நீங்கள் கட்டியிருக்கும் பிளாஞ்சர் பெடலில் (ஒலியோடு அதன் சற்றே தாமதமான நகலைக் கலக்கும் கருவி) ஸ்வீப், அதாவது தாமதம் ஏறி இறங்கும் அசைவு, திரும்பும் ஒவ்வொரு முறையும் 'டிக்' கேட்கிறது, ஜெட் விமான இரைச்சல் வரவில்லை, விளம்பரக் காணொளியை எப்படி எடுப்பது என்று மூன்று சிக்கல்கள் சொல்லியிருந்தீர்கள்.

டிக் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஸ்வீப்பை ஓட்டும் மெதுவான அலை உருவாக்கியான எல்.எஃப்.ஓ. தான் காரணம். அதன் சதுர அலை புரளும் நொடியில் மின்சாரம் குபுக்கென்று இழுக்கப்பட்டு, பொதுவான கிரவுண்ட் வழியாக ஆடியோவில் ஏறிவிடுகிறது. அங்கே டி.எல்.072 ஆப்-ஆம்ப் சிப் இருந்தால், குறைவாக மின்சாரம் இழுக்கும் டி.எல்.062 போட்டுப் பாருங்கள். சப்ளையில் 100 ஓம், 100 மைக்ரோஃபாரட் வடிகட்டி வையுங்கள். எல்.எஃப்.ஓ.வின் கிரவுண்டைத் தனித்தடமாகக் கொண்டுபோங்கள்.

ஜெட் ஒலி வராததற்கு, சிப்பில் ஒலியைப் படிப்படியாக நகர்த்தும் துடிப்பான கிளாக்கின் வேகம் போதாததே காரணம். 1024 படிகள் கொண்ட சிப்பில் 100 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் தாமதம் 5.12 மில்லிநொடி; அது பல குரல் சேர்ந்தது போன்ற கோரஸ் ஒலியின் பக்கம் சாய்ந்துவிடும். 1 மில்லிநொடிக்கு 512 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். சிப்பின் கிளாக் கால்களில் கெப்பாசிட்டன்ஸ் அதிகம் என்பதால் கிளாக் கொடுக்கும் எம்.என்.3102 சிப் அந்த வேகத்தில் திணறும். அதற்குப் பதில் 4047 ஆசிலேட்டர் சிப்புக்குப் பின், துடிப்புக்கு வலுவூட்டும் 4049 பஃபர்களை இணையாக வைத்து ஓட்டுங்கள். எம்.என்.3207 தரவுத்தாளின் 200 கிலோஹெர்ட்ஸ் வரம்பை மீறுகிறோம்தான். பல சிப்கள் தாங்கும், ஆனால் ஒவ்வொன்றையும் சோதித்தே பொருத்த வேண்டும்.

காணொளியில் பேச்சைக் குறையுங்கள். முதலில் பெடல் இல்லாத ஒலி, அடுத்து ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்குப் பின் பிளாஞ்சர். ஹார்மோனிக்ஸ் (மேல் அதிர்வெண்கள்) நிறைந்த ஒலியில்தான் ஸ்வீப் பளிச்சென்று தெரியும். வாசிக்காமல் சில நொடி விட்டு இரைச்சல் அளவையும் கேட்கவிடுங்கள். டிக் சத்தம் போகும்வரை முன்பதிவு வாங்காதீர்கள்.