ஐந்தடி உயரத்துக்கு எந்த ரோடு சைக்கிள்?

கேள்வி: என் உயரம் 152 செ.மீ. விடுமுறை நாளில் கன்னியாகுமரி வரை போய்வர ரோடு சைக்கிள் வாங்கப் போகிறேன். கடையில் 'எஸ்' சைஸ்தான் இருக்கிறது. "சீட்டை முழுசா இறக்கி, முன்னால தள்ளித் தந்தா சரியாயிடும்" என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: வேண்டாம். சீட்டை இறக்கினால் கால் எட்டும், கை எட்டாது. முன்னால் தள்ளினால் ஹேண்டில் கிட்டே வரும். ஆனால் முட்டி பெடலைத் தாண்டிப்போய், பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி விரல் மரத்துப்போகும். சீட்டின் முன்பின் இடத்தை முட்டியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் உள்கால் அளவு. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, தடிப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே நன்றாக மேலே அழுத்துங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட் மேல்பரப்பு வரையான உயரம் கிடைக்கும். 69 செ.மீ. உள்காலுக்குச் சுமார் 61. ஓட்டிப் பார்த்து லேசாக ஏற்றி இறக்கலாம்.

உண்மையான சிக்கல் ஃபிரேமின் நீளத்தில். ரோடு சைக்கிளில் வழக்கமாக வரும் 700சி அளவுச் சக்கரம் டயரோடு 67 செ.மீ. விட்டம் இருக்கும், ஃபிரேம் சிறுத்தாலும் அது சிறுக்காது. அதனால் சின்ன ஃபிரேம்களில் சீட் குழாயை நிமிர்த்திவிடுவதுண்டு. ஒரு டிகிரி நிமிர்ந்தாலே டாப் டியூப் (சீட்டிலிருந்து ஹேண்டில் பக்கம் போகும் மேல்குழாய்) கணக்கில் ஏறக்குறைய 1 செ.மீ. குறையும். முட்டிக்காகச் சீட்டைப் பின்னால் இழுத்ததும் அந்த லாபம் போய்விடும். ஆகவே அளவுப் பட்டியலில் 'ரீச்' எண்ணைப் பாருங்கள். கிராங்க் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி வரை கிடையாக அளந்த தூரம் அது; சீட்டை நகர்த்தினாலும் மாறாது. உங்களுக்கு 36 செ.மீ.யை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கட்டும். 'எஸ்' என்ற எழுத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஷூ போட்டு, பெடலை முன்பக்கம் கிடையாக வைத்து ஹேண்டிலைத் திருப்புங்கள். ஷூ நுனி டயரில் இடித்தால், சந்துக்குள் மெதுவாக வளைக்கும்போது விழ வாய்ப்புண்டு. 700சியைவிடச் சின்னதான 650பி சக்கரம் போட்ட மாடலில் இந்தத் தொல்லை குறைவு.

ஸ்டெம் (ஹேண்டிலை ஃபிரேமின் முன்பக்கத்தோடு இணைக்கும் துண்டு) 70–80 மி.மீ., ஹேண்டில் அகலம் 36–38 செ.மீ., கிராங்க் 165 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. கிராங்கைப் பிறகு மாற்றுவது செலவு, அதனால் அதோடு வரும் மாடலையே தேடுங்கள். ஹேண்டிலின் கீழ்வளைவைப் பிடித்தபடி பிரேக் லீவரை விரல் மடக்கி இழுக்க முடிகிறதா பாருங்கள். எட்டாவிட்டால், பெரும்பாலான லீவர்களில் அதைக் கிட்டே கொண்டுவர ஒரு சின்ன திருகு உண்டு. கடையிலேயே திருகித் தரச் சொல்லுங்கள்.

ஆழமான ரிம் (பக்கவாட்டில் உயரமான சக்கர வளையம்) வேண்டாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடிக்காற்று பக்கவாட்டில் அடித்தால், எடை குறைந்தவர்களை அது சட்டென்று இழுத்துவிடும்.

அட்வான்ஸ் ரசீதில் மாடல், ஃபிரேம் சைஸ், மாற்றித் தரும் ஸ்டெம் அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். வேறு சைஸ் வந்தால் எடுக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், அந்த ரசீதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.