வாசகர் கேள்வி பதில்: ரோம் உருவான கதையும் உண்மையும்

கேள்வி: கி.மு. 753-இல் ரோமுலஸ் என்பவர் ரோம் நகரை நிறுவினார் என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். ஓநாயிடம் பால் குடித்து வளர்ந்த இரட்டையரில் ஒருவர் அவர் என்றும் சொல்கிறார்கள். இதில் எது வரலாறு, எது கதை? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: ரோமுலஸ் என்று ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை. கி.மு. 753 என்பதும் பழைய ஆவணம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட ஆண்டன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வார்ரோ என்ற அறிஞரின் கணக்காகவே அது நிலைத்துவிட்டது. அவருக்கு முன்பே திமாயுஸ் என்ற கிரேக்கர் கி.மு. 814 என்றும், ரோமானியரின் முதல் வரலாற்றாசிரியரான ஃபேபியுஸ் பிக்டர் அதைவிட ஏறத்தாழ 66 ஆண்டுகள் பிந்திய காலம் என்றும் எழுதியிருந்தார்கள்.

மண்ணுக்குள் கிடைத்த சான்றுகள் வேறொரு தொடக்கத்தைக் காட்டுகின்றன. பாலட்டைன் குன்றின் மேல், மரக்கம்பங்கள் நட்டு மண்ணும் கூரையுமாகக் கட்டப்பட்ட இரும்புக்காலக் குடிசைகளின் குழிகள் பாறையில் இன்றும் தெரிகின்றன. குன்றுகளுக்கு இடையே இருந்த தாழ்ந்த ஈர நிலத்தில் கி.மு. பத்தாம் நூற்றாண்டு அளவிலேயே மக்கள் தங்கள் இறந்தோரைப் புதைத்திருக்கிறார்கள். சிலரை எரித்து, அந்தச் சாம்பலைக் குடிசை வடிவக் கலங்களில் இட்டும் வைத்திருக்கிறார்கள். கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சதுப்பு நிலம் மண் கொட்டி மேடாக்கப்பட்டு, சரளைக்கல் பாவப்பட்டு, ஊர்ப் பொது மன்றாக மாறியது. பின்னாளில் ஃபோரம் என்று உலகம் அறிந்த இடம் அதுதான். ஆகவே, ஒரு நாளில் ஒருவர் கலப்பையால் எல்லை கீறி அமைத்த நகரமாக ரோமை எண்ண முடியாது. தனித்தனிக் குன்றுகளில் இருந்த சிற்றூர்கள் பல தலைமுறைகளில் ஒன்றுகூடி நகரமாயின.

அந்த இடம் தற்செயலாக அமைந்ததும் அன்று. டைபர் ஆற்றின் நடுவே ஒரு தீவு இருப்பதால் அங்கே ஆற்றைக் கடப்பது எளிது. ஆற்றுமுகத்தில் விளைந்த உப்பு, உள்நாட்டு மலைகளில் வாழ்ந்த சபைனரிடம் போய்ச் சேர்ந்த வழியும் அதன் பக்கமாகவே சென்றது. உப்புப் பாதை என்றே ரோமானியர் அந்தச் சாலைக்குப் பெயரிட்டிருந்தார்கள்.

கதையிலும் கற்கத்தக்கது உண்டு. ட்ராய் நகரிலிருந்து தப்பி வந்த ஏனியாஸ்தான் தங்கள் முன்னோர் என்றும் ரோமானியர் நம்பினர். ஆனால் ட்ராய் வீழ்ந்ததாகக் கிரேக்கர் கணித்த கி.மு. 1184-க்கும் 753-க்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுந்ததால், அதை நிரப்ப ஆல்பா லோங்கா என்ற ஊரின் அரசர் வரிசை ஒன்று புனையப்பட்டது. இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ரோமுலஸ் தம் ஊரில் ஆள் சேர்ப்பதற்காகக் கேபிடோலைன் குன்றில் ஒரு புகலிடம் திறந்து, தப்பியோடி வந்தவர்களையும் அடிமைகளையும் ஏற்றுக்கொண்டார் என்ற பகுதியாகும். தெய்வ வழித்தோன்றல் என்று பெருமை பேசிய ஒரு மக்கள், தங்கள் முதல் குடிகள் ஓடிவந்தவர்கள் என்பதையும் மறைக்காமல் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். வெளியாரைக் குடிமக்களாகச் சேர்த்துக்கொள்ளும் அவர்களின் பிற்கால வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது வெறும் அலங்காரக் கதையாகத் தோன்றாது.

கேள்வி: ரோமில் உள்ள புகழ்பெற்ற ஓநாய்ச் சிலை அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதானா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இரட்டைக் குழந்தைகளின் உருவங்கள் 15-ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. ஓநாய், ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்கர் என்ற மக்களின் காலத்து வார்ப்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அண்மைக்கால ஆய்வுகள் அது இடைக்காலத்தில் வார்க்கப்பட்டதாகக் காட்டுகின்றன. ஆயினும் ஓநாய்க் கதை பழையதே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் ரோமானிய வெள்ளி நாணயத்தில் ஓநாயும் இரட்டையரும் இருக்கிறார்கள்.

கேள்வி: ரோமை ஏழு மன்னர்கள் ஆண்டார்கள் என்பது உண்மையா? அவர்களில் சிலர் எட்ருஸ்கர் என்றால், ரோம் அந்நியர் ஆட்சியில் இருந்ததா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: மன்னராட்சி இருந்தது உறுதி. 1899-இல் ஃபோரத்தில் கருங்கல் தளத்தின் அடியில் கண்டெடுக்கப்பட்ட கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பழைய லத்தீனில் மன்னரைக் குறிப்பிடுகிறது. ஆனால் மரபு சொல்லும் 244 ஆண்டுகளை ஏழு பேருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவரும் சராசரியாக 35 ஆண்டுகள் ஆண்டிருக்க வேண்டும். இவர்களில் பலர் கொலையுண்டோ துரத்தப்பட்டோ ஆட்சி இழந்தவர்கள் என்று அதே மரபே சொல்வதால், இந்தக் கணக்கை நம்புவது கடினம். மன்னர்கள் இன்னும் பலர் இருந்திருக்கலாம், அல்லது மன்னராட்சிக் காலம் குறுகியதாக இருந்திருக்கலாம்.

தந்தைக்குப் பின் மகன் என்ற முறை அங்கே விதியாக இருக்கவில்லை. மன்னர் இறந்ததும் மூத்தோர் அவையான செனட்டிலிருந்து ஒருவர் இடைக்காலப் பொறுப்பேற்று, அடுத்தவரை முன்மொழிய, மக்கள் கூட்டம் ஒப்புதல் தந்ததாக மரபு கூறுகிறது. அப்படி வந்தவர்களில் நூமா பொம்பிலியுஸ் சபைனர். மூத்த டார்குவினியுஸ் எட்ருஸ்க நகரிலிருந்து குடிவந்தவர். அவருடைய தந்தை கிரேக்கத்தின் கொரிந்து நகரத்தார். அடுத்து ஆண்ட செர்வியுஸ் துல்லியுஸ் அடிமைப் பெண்ணின் மகன் என்று ரோமானியர் சொன்னார்கள். ஆனால் பேரரசர் கிளாடியஸ் கி.பி. 48-இல் செனட்டில் பேசும்போது, எட்ருஸ்கரின் நூல்களில் அவர் மஸ்தர்னா என்ற வீரராக வருகிறார் என்று எடுத்துரைத்தார். அந்த உரை பொறிக்கப்பட்ட வெண்கலப் பலகை பிரான்சின் லியோன் நகரில் கிடைத்துள்ளது. வுல்ச்சி என்ற எட்ருஸ்க ஊரின் கல்லறை ஓவியத்திலும் அதே வீரரின் பெயர் காணப்படுகிறது. வேறு வேறு காலத்தைச் சேர்ந்த இரு சான்றுகள் இப்படி ஒன்றையொன்று தொடுவது பழைய ரோமின் வரலாற்றில் அரிது.

இதை வைத்து எட்ருஸ்கர் ரோமைப் படையெடுத்து வென்று ஆண்டார்கள் என்று முன்பு பலர் எழுதினர். இப்போது அந்தக் கருத்துக்கு ஆதரவு குறைந்துவிட்டது. நகரத்தின் பேச்சும் பொதுக் கல்வெட்டும் லத்தீனாகவே இருந்தன. எட்ருஸ்கக் குடும்பங்கள் அங்கே வந்து வாழ்ந்து உயர்ந்தன என்பதே பொருத்தமான விளக்கம்.

கேள்வி: மன்னரைத் துரத்திய பிறகு ரோம் மக்களாட்சி ஆகிவிட்டதா? (வாசகி, சென்னை)

பதில்: இல்லை. கி.மு. 509-இல் கடைசி மன்னரின் மகன் லுக்ரேஷியா என்ற பெண்ணை வன்கொடுமை செய்ததும், அவள் உயிர் நீத்ததும், புரூட்டஸ் தலைமையில் மன்னர் குடும்பம் விரட்டப்பட்டதும் மரபுக் கதை. மன்னரின் அதிகாரம் அப்படியே இருக்க, அதை வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையும் காலமும் மட்டும் மாறின என்பதே இதன் சாரம். ஓராண்டுக்குக் கான்சல்கள் எனப்பட்ட இரண்டு ஆட்சித் தலைவர்கள். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். பெரிய ஆபத்து வந்தால் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு சர்வாதிகாரி. மன்னர் செய்துவந்த வழிபாடுகளைச் செய்ய ஒரு பூசகருக்கு மன்னர் என்ற பட்டமே தரப்பட்டது. ஆனால் அவர் அரசியல் பதவி வகிக்கக் கூடாது.

கான்சல்களைத் தேர்ந்த மக்கள் பேரவையில் 193 பிரிவுகள் இருந்தன. பிரிவுக்கு ஒரு வாக்கு. குதிரைப்படையினருக்கு 18, சொத்தில் முதல் வகுப்பினருக்கு 80, ஆக 98. அவர்கள் ஒத்துப்போனால் பெரும்பான்மை கிடைத்துவிடும். மற்றவர்களை அழைக்கும் முன்பே வாக்கெடுப்பு முடிந்துவிடும். சொத்தே இல்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரிவு.

கேள்வி: அப்படியானால் சாமானிய மக்கள் எப்படி உரிமை பெற்றார்கள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: போருக்கு வர மறுத்துப் பெற்றார்கள். பட்ரீசியர் எனப்பட்ட பரம்பரைப் பிரபுக்களிடமே பதவியும் பூசக உரிமையும் இருந்தன. மற்றவர்களான பிளெபியரில் ஏழை உழவர்கள் கடனுக்குத் தங்கள் உடலையே ஈடாக வைத்தார்கள். படைக்குப் போய்த் திரும்பியவர் நிலம் பாழாகிக் கடன்காரரின் வீட்டில் கட்டுண்டு கிடக்க நேர்ந்தது. கி.மு. 494-இல் அவர்கள் கூட்டமாக நகரை விட்டு வெளியேறி, ஆனியோ ஆற்றுக்கு அப்பால் புனிதக் குன்றில் போய் அமர்ந்தார்கள். பகைவர் சூழ்ந்த ஊருக்குப் படைவீரர் இல்லாமல் போகவே செனட் இறங்கி வந்தது. பிளெபியரைக் காக்க அவர்களுக்கென்று டிரிப்யூன்கள் என்ற பிரதிநிதிகள் ஏற்பட்டார்கள். டிரிப்யூன்கள்மேல் கைவைப்பவனைக் கொல்வோம் என்று மக்கள் எடுத்த சூளுரைதான் அவர்களுக்குக் காவலாக நின்றது. சட்டத்தின் ஒப்புதல் பின்னால் வந்தது. இந்த ஒழுங்கும் பொறுமையும் என்னை இன்றும் வியக்க வைக்கின்றன.

கி.மு. 451-450-இல் சட்டங்கள் பன்னிரண்டு பலகைகளில் எழுதப்பட்டன. அவை இரக்கமானவை அல்ல: தீர்ப்புக்குப் பின் கடனைத் தீர்க்க முப்பது நாள் தவணை, பின்னர் விலங்கு, இறுதியில் டைபருக்கு அப்பால் அடிமையாக விற்பனை. பட்ரீசியரும் பிளெபியரும் ஒருவரையொருவர் மணக்கக் கூடாது என்ற தடையும் அவற்றில் இருந்தது, கி.மு. 445-இல் கனுலேயுஸ் என்ற டிரிப்யூன் அதை நீக்கச் செய்தார். எனினும் எழுதப்பட்ட சட்டத்தை நீதிபதி தம் விருப்பப்படி மாற்றிச் சொல்ல முடியாது என்பது பெரிய ஆதாயம். கி.மு. 367-இன் சட்டங்களால் கான்சல் பதவி பிளெபியருக்கும் திறக்கப்பட்டு, மறு ஆண்டே அவர்களில் ஒருவரான லூசியுஸ் செக்ஸ்தியுஸ் அதில் அமர்ந்தார். கி.மு. 326-இல் உடலை ஈடுவைக்கும் கடன்முறை ஒழிந்தது. கி.மு. 287-இல், மற்றுமொரு வெளியேற்றத்துக்குப் பின், பிளெபியர் அவையின் தீர்மானம் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று ஹோர்டென்சியுஸ் சட்டம் ஏற்பட்டது.

இதனால் மிகுதியும் பயன்பெற்றவர்கள் வசதி படைத்த பிளெபியக் குடும்பங்களே. அவர்கள் பட்ரீசியரோடு மணவுறவு கொண்டு புதிய ஆளும் வகுப்பாயினர். ஏழை உழவரின் நெருக்கடியைப் பெரிதும் தணித்தது வென்ற நிலம். கி.மு. 396-இல் வெயி என்ற எட்ருஸ்க நகரம் பிடிபட்ட பின், அதன் வயல்கள் பிளெபியருக்கு ஆளுக்கு ஏழு யூகெரா, அதாவது நான்கரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகப் பிரித்துத் தரப்பட்டன என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அந்த நிலங்களை முன்பு உழுத வெயி நகரத்தாரில் போரில் பிழைத்து நகருக்குள் அகப்பட்டவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.