நாய் வாலடியைக் கடிக்கிறதா? படுக்கிற இடத்தையும் பாருங்கள்

கேள்வி: தம்பலகாமத்தில் வயலும் மாட்டுப்பட்டியும் வைத்திருக்கிறேன். காவல் நாய் வாலடியையும் பின்தொடையையும் கடித்துக் கடித்தே மயிர் கொட்டிச் சிவந்துபோய்க் கிடக்கிறது. கழித்த எஞ்சின் ஒயில் பூசச் சொல்கிறார்கள். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தும் வீட்டில் இருக்கிறது. எதைப் போடலாம்?

பதில்: தயவுசெய்து இரண்டையும் போடாதீர்கள். ஒயிலைப் பூசினால் நாய் அதை நக்காமல் விடாது, உள்ளே போனால் நஞ்சு, புண்ணான தோலும் இன்னும் எரியும். மாட்டு மருந்து மாட்டுக்கென்று அளந்தது, கண்மதிப்பாகக் கலந்து ஊற்றினால் நாயின் உயிருக்கே ஆபத்து.

நீங்கள் சொல்கிற இடத்தை வைத்துப் பார்த்தால் தெள்ளுக்கடி ஒவ்வாமையாகத்தான் இருக்க வேண்டும், அதாவது நாயின் மயிருக்குள் ஓடி இரத்தம் குடிக்கிற தெள்ளுப் பூச்சி கடிப்பதால் வருகிற அரிப்பு. தெள்ளையே காணவில்லையே என்று நினைக்காதீர்கள், ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், கடிக்கிற வேகத்தில் நாயே தெள்ளை விழுங்கியும் விடும். வாலடியைச் சீப்பால் வாரி, விழுகிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், நாயின் இரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் திரும்பவும் வரும். பெண் தெள்ளு நாளொன்றுக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும். அது மயிரில் ஒட்டாமல் நாய் படுக்கிற சாக்கிலும் கொட்டில் மணலிலும் வைக்கோலிலும் உதிர்ந்து, புழுவாகி, கூட்டுக்குள் மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து, நாய் வந்து படுத்ததும் வெளியே வரும். அதனால் பழைய சாக்கை எரித்துவிடுங்கள், துணியைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள், படுக்கிற நிழலடியைக் கூட்டி அள்ளுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும், நடுவில் குறைந்துவிட்டது என்று நிறுத்தினால் செய்ததெல்லாம் வீண்.

மருந்தை மிருக வைத்தியரிடம் நாயின் நிறையைச் சொல்லி வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதையும் சொல்லுங்கள், நாய்க்குப் போடுகிற பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். தெள்ளு விழுங்கிய நாய்க்கு நாடாப்புழு வரலாம் என்பதால் குடற்புழு மருந்தும் கேளுங்கள்.

காதோரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, வீட்டு ஆட்களுக்கும் அரிப்பு இருந்தால் அது சொறியாக இருக்கலாம். அதற்கு மிருக வைத்தியர் தோலைச் சுரண்டிப் பார்த்து மருந்து தருவார். புண் நாறினாலோ, சீழ் வைத்தாலோ, நாய் சாப்பிடாமல் முரசு (பல் ஈறு) வெளிறிக் கிடந்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள், உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.