எட்டு மீசை எண்ணிய பையனுக்கு

மீன் தொட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு மூன்றடித் தொட்டி வாங்கினோம். ‘ஷார்க் குட்டி’ என்று கடைக்காரர் நான்கு மீன்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். மூன்று, கறுப்பும் வெள்ளியுமாக இருக்கின்றன. நான்காவது மட்டும் மஞ்சள். கழுத்துக்குப் பின்னால் பெரிய கறுப்புப் பொட்டு. கேட்டதற்கு, “அதுவும் ஷார்க்தான் மேடம், கலர்தான் வேற” என்றார். எட்டு மாதத்தில் ஆறு அங்குலம் வளர்ந்துவிட்டது. பகல் முழுக்க உடைந்த பூந்தொட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பன்னிரண்டு நியான் டெட்ரா விட்டோம், இப்போது மூன்றுதான் மிச்சம். ஒன்றுகூடச் செத்து மிதந்ததைப் பார்க்கவில்லை. இது என்ன மீன்? படம் இணைத்திருக்கிறேன். (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய படத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் தெரிந்தது, கண்ணாடியில் உங்கள் செல்போன் தெரிந்தது, பின்னால் கொடியில் காய்ந்த துண்டுகூடத் தெளிவாகத் தெரிந்தது. மீன் மட்டும் மஞ்சளாக ஒரு கலங்கல். அதனால்தான் உங்களுக்குத் தனியாக மூன்று கேள்வி எழுதிப் போட்டேன். மீசை எத்தனை? வாலுக்கு முன்னால் முதுகில் சின்னதாக ஒரு சதைத் துடுப்பு உண்டா, இருந்தால் எவ்வளவு நீளம்? வயிற்றுப் பக்கம் இருக்கும் துடுப்பு குட்டையா நீளமா?

பத்து நாளில் பதில் வந்தது. இந்த முறை படம் இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் உங்கள் மகன் வரைந்த மீன். வலையில் சிக்கிக்கொள்ளும் என்று பயந்து, மீனைத் தண்ணீரோடு பாலிதீன் பையில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எண்ணினானாம். முதலில் ‘6’ என்று எழுதி, அடித்து, பக்கத்தில் ‘8’ என்று எழுதியிருக்கிறான். ‘மூக்கு மேல ரெண்டு குட்டி மீசை படுத்துக்கிட்டு இருந்துச்சு, ரெண்டாவது நாள்தான் தெரிஞ்சது’ என்று அம்புக்குறி போட்டு விளக்கம் வேறு. எம்.எஸ்சி. படித்தவர்களே தவறவிடுகிற இரண்டு மீசை அது. சபாஷ் தம்பி.

சரி, எட்டு மீசை என்றதுமே உங்கள் கடைக்காரர் தோற்றுவிட்டார். அவர் ஷார்க் என்று விற்றது சுறாவே இல்லை. தாய்லாந்து, வியட்நாம் பக்கத்து மேகாங், சாவ் பிரயா ஆறுகளின் கெளுத்தி. பங்காசியனோடான் ஹைப்போஃப்தால்மஸ் என்று பெயர். அதற்கு மீசை நான்குதான்: மேல்தாடையில் ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. உங்களுடைய மற்ற மூன்றும் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆந்திராவில் குளம் குளமாக வளர்த்து, துண்டு போட்டு, ஹோட்டலில் ‘பாசா’ என்று தட்டில் வைக்கிறார்களே, அதே மீன்.

எட்டு மீசை உள்ள மஞ்சள் மீன் என்றால் அடுத்து எல்லோரும் சொல்வது நம் ஊர் நாட்டுக் கெளுத்தி. கறுப்புப் பொட்டு இருக்கிறதே என்பீர்கள். உடம்பில் கோடு போட்ட நாட்டுக் கெளுத்திக்கும் தோளில் ஒரு கறை உண்டு. அதை வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவோம். ஆனால் கெளுத்தியின் முதுகில் அந்தச் சதைத் துடுப்பு நீளமாக ஓடும், வயிற்றுப் பக்கத் துடுப்பு குட்டையாக இருக்கும். தம்பி வரைந்ததில் நேர் எதிர். முதுகில் பட்டாணி அளவு. கீழே வயிறு முடிந்த இடத்திலிருந்து வால் வரைக்கும் சீப்பு மாதிரி நீளத் துடுப்பு. கண்ணையும் கன்னத்துக்குக் கீழே இறக்கிப் போட்டிருக்கிறான். வரையத் தெரியாமல் போட்டதில்லை அது. பையைக் கீழிருந்து பார்த்தபோதும் கண் தெரிந்தது என்று எழுதியிருக்கிறானே, அந்த மீனின் கண் அங்கேதான் இருக்கும்.

ஆக, உங்கள் பூந்தொட்டிக்குள் இருப்பது மஞ்ஞக்கூரி. கேரளத்து மீன். ஹோராபாக்ரஸ் பிராக்கிசோமா என்பது அறிவியல் பெயர்.

இந்த மீனிடம் நானும் ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் நடத்த வந்த முதல் வருடம். அருங்காட்சியக அலமாரியில், பார்மலின் ஜாடியில் ஒரு மீன். வருடக்கணக்கில் ஊறி மஞ்சள் மொத்தமும் போய், வெந்த கருவாட்டு நிறத்தில் இருந்தது. சீட்டு உரிந்துவிட்டது. மீசையைப் பார்த்தேன், கெளுத்தி என்று நடத்திவிட்டேன். பின் பெஞ்சில் கோட்டயத்துப் பெண் ஒருத்தி எழுந்து, “மிஸ், இது கூரி. எங்க வீட்ல மாங்கா போட்டுக் கறி வைப்போம்” என்றாள். வகுப்பே சிரித்தது. அன்று மாலை ஜாடியைத் திறந்து, கண் எரிய எரிய, குண்டூசியால் கீழ்த்துடுப்பின் நரம்புகளை, அதாவது துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிகளை, ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். இருபதைத் தாண்டியது. நாட்டுக் கெளுத்திக்குப் பத்துப் பன்னிரண்டோடு நின்றிருக்க வேண்டும். மறுநாள் வகுப்பில் திருத்திச் சொன்னேன். அதிலிருந்து எந்த மீனையும் நிறத்தை வைத்துப் பெயர் சொல்வதில்லை. பயந்தால் வெளுக்கும், பார்மலினில் போட்டால் மறையும், கடையில் நீல விளக்கு போட்டால் வேறு மீனாகவே தெரியும். மீசையும் துடுப்பும் அப்படி மாறாது.

பெரியவர்களும் இதில் குழம்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. 1864-இல் இந்த மீனை விவரித்த ஆல்பர்ட் குந்தர், சூடோபாக்ரஸ் என்ற பேரினத்தில் போட்டார். 1955-இல் கே.சி. ஜெயராம்தான் இதற்குத் தனிப் பேரினம் உண்டாக்கி, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த சுந்தர் லால் ஹோராவின் பெயரை வைத்தார். குடும்பமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கெளுத்திக் குடும்பத்தில் வைத்தார்கள், பிறகு நீளக் கீழ்த்துடுப்பைப் பார்த்து வேறொன்றில் வைத்தார்கள், இப்போது ஹோராபாக்ரிடே என்று தனிக்குடித்தனம். 1994-இல் சாலக்குடி ஆற்றிலிருந்து இதன் பங்காளி ஒன்றையும் விவரித்தார்கள். அதற்குப் பொட்டு கிடையாது, கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. உங்களுடையது அதுவல்ல.

நியான் டெட்ரா எங்கே போயின என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. கூரி இரவில் மேயும் மீன். வாய்க்குள் போகிற எதுவும் அதற்குத் தீனி. மிச்சமிருக்கும் மூன்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். விளக்கை அணைத்த பிறகு மண்புழுவோ இறாலோ மூழ்கும் தீவனமோ போடுங்கள். பூந்தொட்டி இருக்கட்டும், அது அதன் வீடு. ஒன்றரை அடி வரை வளரக்கூடியது என்பதால் மூன்றடித் தொட்டி ரொம்ப நாள் தாங்காது. ஐந்தடிக்கு இப்போதே சேமிக்க ஆரம்பியுங்கள்.

மற்ற மூன்று ‘ஷார்க்’ விஷயம் அதைவிட மோசம். அது மூன்றடியைத் தாண்டும் மீன். மூன்றடித் தொட்டியில் மூன்றடி மீன், அதுவும் மூன்று! கண்பார்வை மந்தம், திடீரென்று லைட்டைப் போட்டால் மிரண்டு கண்ணாடியில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும், அப்புறம் செத்த மாதிரி அடியில் சாய்ந்து கிடக்கும். நான் ஒரு காலத்தில் இரண்டு வளர்த்தேன். இரவு மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தொட்டி அதிரும் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை வீட்டுத் தொட்டிக்கு விற்பதே தவறு என்பது என் கட்சி. பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடுங்கள். எதையும் நொய்யலில் விட்டுவிடாதீர்கள். கூரி நம் நாட்டு மீன்தானே, அதை விடலாமா என்று தோன்றும்; கூடாது. அது மேற்கே அரபிக் கடலுக்குப் போகும் ஆறுகளின், வேம்பநாட்டுக் காயலின் மீன். நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறது. அங்கே கூரியும் வெளியூர்க்காரன்தான்.

ஒரு வருத்தம். சர்வதேச சிவப்புப் பட்டியலில் கூரி அழியும் ஆபத்துள்ள மீன்களின் வரிசையில் இருக்கிறது. பெயர்கூடத் தெரியாமல் அதைப் பிடித்து ஷார்க்கோடு கலந்து விற்கிறார்கள். உங்கள் மகனிடம் வந்து சேர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

கேள்வி: டேங்க் கிளீனர் மீன் வாங்கினேன். கண்ணாடியைச் சுத்தம் செய்யாமல் ராத்திரியில் கோல்டு ஃபிஷ் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. வேறு வகையை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: மாற்றவெல்லாம் இல்லை, அதன் குணமே அதுதான். குட்டியில் பாசி தின்னும். வளர்ந்து பசி கூடினால் மெதுவாக நீந்தும் கோல்டு ஃபிஷ்ஷின் மேல்தோல் வழவழப்பைச் சுரண்டும். இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

என்ன வகை என்று தெரிய வேண்டுமானால், அது முதுகுத் துடுப்பை விரிக்கும்போது நரம்புகளை எண்ணுங்கள். ஏழு என்றால் ஹைப்போஸ்டமஸ். பத்து, பதினொன்று, அதற்கு மேல் என்றால் டெரிகோப்ளிக்திஸ். நம் கடைகளில் கிடைப்பது அநேகமாக இரண்டாவதுதான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றையும் பாருங்கள். புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் அதில் பர்டாலிஸ் என்ற இனம். புழு ஊர்ந்த தடம்போல் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் டிஸ்ஜங்டிவஸ். இரண்டுங்கெட்டானாகவும் சில இருக்கும், கலப்பு நடக்கிறது.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன், யாரோ தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டதால் இன்று சென்னை ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், தண்ணீர் குறைந்தால் வாயால் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: வாய்க்காலில் பையன் கறுப்பு மீன் ஒன்றைப் பிடித்துவந்து தொட்டியில் விட்டிருக்கிறான். விலாங்கு மாதிரி நீளம், மீசை இருக்கிறது. கொட்டும், தொடாதே என்கிறார் மாமியார். உண்மையா? (ஒரு வாசகி, திருவாரூர்)

பதில்: மாமியார் பேச்சைக் கேளுங்கள். முதுகில் நடுவுக்கு முன்னால் சின்னத் துண்டாக ஒரே ஒரு துடுப்பு இருந்தால் அது தேளி. பக்கத் துடுப்புகளின் முன்முனையில் விஷ முள் இருக்கிறது. குத்தினால் கை வீங்கி, வலி உயிர் போகும். கை தாங்கும் சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது கையை வைத்திருந்தால் வலி குறையும். பிறகு டாக்டரிடம் போக வேண்டும், முள் முறிந்து உள்ளே இருக்கலாம்.

முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை ஒரே நீளமாக ஓடினால் வேறு மீன். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியாகவும் இருக்கலாம். அதைத் திரும்ப வாய்க்காலில் விடாமல் எனக்கு எழுதுங்கள். எதுவானாலும் பையனைக் கையால் எடுக்க விடாதீர்கள். ஒரு வாளியைச் சாய்த்து முக்கி, மீனைத் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள். மேலே மூடி போடுங்கள், தேளி நன்றாகவே துள்ளும்.